ஃபெடோராவில் கல்யாண வீடியோ: கெட்டிமேளம் கேட்கிறது, படம் வரவில்லை

தறிநாடா

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் லேப்டாப் 2017-இல் வாங்கியது, 7-ஆம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது, 11 இந்த மெஷினில் ஏறாது என்று அதுவே சொல்லிவிட்டது. புதிது வாங்க இப்போது வசதிப்படாது, அதனால் போன வாரம் ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் என்ற லினக்ஸ் போட்டேன். வைஃபை, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் முதல் நாளே சரியாக வந்துவிட்டது, அப்பாவுக்கும் பிடித்துவிட்டது.

பிரச்சினை தங்கையின் கல்யாண வீடியோவில். வீடியோகிராஃபர் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்தது, எல்லாமே எம்பி4 என்றுதான் முடிகிறது. ஆச்சி கல்யாணத்துக்கு வர முடியவில்லை, இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து முகூர்த்த வீடியோவைத் திறந்தால், நாதஸ்வரம் கேட்கிறது, கெட்டிமேளம் கேட்கிறது, திரை மட்டும் முழுக் கறுப்பு. ஆச்சி தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும் இந்தப் பிரச்சினையைத் தீர்க்காமல் விடக்கூடாது என்று தோன்றிவிட்டது.

இதில் எனக்குப் புரியாதது என்னவென்றால், அப்பாவின் எம்பி3 பாட்டெல்லாம் பாடுகிறது, என் போனில் எடுத்த வீடியோக்களும் ஓடுகின்றன, இந்த ஹார்ட் டிஸ்கில் உள்ளவை மட்டும் இப்படி. இணையத்தில் தேடினால் ஒருவர் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற ரெப்போவை (மென்பொருள் இறக்கும் களஞ்சியம்) சேர் என்கிறார், இன்னொருவர் வேறு ஏதோ ரெப்போ சொல்கிறார், மூன்றாமவர் ஃப்ளாட்பேக்கில் (வேண்டியதெல்லாம் உள்ளடங்கிய தனிப் பொதி) விஎல்சி ப்ளேயர் போட்டால் போதும் என்கிறார். இன்ஸ்டால் செய்யும்போதே மூன்றாம் தரப்பு ரெப்போக்களை இயக்கவா என்று கேட்டது, ஆமாம் என்று அழுத்தியிருந்தேன், அப்படியும் ஏன் வரவில்லை? வெளி ரெப்போ சேர்ப்பது ஆபத்தில்லையா? நம் ஊரில் இது சட்டப்படி சரிதானா? கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், நான் படித்துக்கொள்கிறேன்.

மதகு

முதலில் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எம்பி4 என்பது தூக்குவாளி மாதிரி, உள்ளே இருப்பது சாம்பாரா பாயசமா என்று வாளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. டெர்மினலில் எஃப்எஃப்ப்ரோப் என்று அடித்து ஓர் இடம் விட்டு, அந்தக் கோப்பை மவுசால் இழுத்து டெர்மினலுக்குள் போட்டு என்டர் தட்டுங்கள். கடைசியில் வீடியோ, ஆடியோ என்று தொடங்கும் இரண்டு வரிகள் வரும், அவற்றை மட்டும் இங்கே சொல்லுங்கள். என் ஊகம் ஹெச்இவிசி, அதாவது ஹெச்.265 என்ற வீடியோச் சுருக்க முறை.

தறிநாடா

வீடியோ வரியில் ஹெச்இவிசி, மெயின் 10, அகலம் 3840, உயரம் 2160, நொடிக்கு 50 ஃப்ரேம் என்று இருக்கிறது. ஆடியோ வரியில் ஏஏசி. ஓடுகிற என் போன் வீடியோவில் ஹெச்264 என்று வருகிறது. ஊகம் சரிதான் அண்ணா, ஆனால் இதற்கு என்ன அர்த்தம்?

பழைய_பெங்குவின்

விளக்கமாகக் கேட்டதால் விளக்கமாகவே எழுதுகிறேன். இதை யாரும் சொல்லித்தராமல் நானே தடுமாறிக் கற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது.

உங்கள் லேப்டாப்பிலும் கோளாறு இல்லை, கோப்பிலும் இல்லை. ஃபெடோராவுக்கு ஆதரவு தருவது ரெட் ஹேட், அது அமெரிக்க நிறுவனம், அமெரிக்காவில் மென்பொருள் முறைகளுக்கும் காப்புரிமை உண்டு. ஹெச்.264 தரம் 2003-இல் வந்தது, ஹெச்.265 2013-இல். இரண்டின் மேலும் பல கம்பெனிகளின் காப்புரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஹெச்.265-க்கு உரிமம் வாங்க ஒரே வாசல்கூடக் கிடையாது, எம்பெக் எல்ஏ ஒரு பக்கம், ஹெச்இவிசி அட்வான்ஸ் ஒரு பக்கம் என்று தனித்தனிக் கூட்டமைப்புகள் உருவாகின. ஒரு பிரதிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டச் சொன்னால், யார் வேண்டுமானாலும் இறக்கி, யாருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கும் ஃபெடோரா மாதிரி டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) எந்தக் கணக்கைக் காட்டும்? கட்டணத்தை ஒருவர் கட்டிவிட்டாலும் தீராது. வாங்கியவர் திரும்பப் பகிரும் உரிமையைப் பறிக்கிற நிபந்தனை எதையும் ஜிபிஎல் என்ற சுதந்திர மென்பொருள் உரிமம் ஏற்காது, ஜிபிஎல், காப்புரிமை இரண்டின் நிபந்தனைகளையும் சேர்த்து நிறைவேற்ற முடியாவிட்டால் வெளியிடவே கூடாது என்று அந்த உரிமத்திலேயே எழுதியிருக்கிறது.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள். இந்த வீடியோக்களைக் கையாளும் எக்ஸ்264, எக்ஸ்265, எஃப்எஃப்எம்பெக் எல்லாம் மூலநிரல் திறந்த, சுதந்திரமான மென்பொருள்தான், அவற்றின் பதிப்புரிமையில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் காப்புரிமையில். நிரலை எழுதியவர் தாராளமாகக் கொடுத்துவிட்டார், ஆனால் அந்த நிரல் செய்கிற கணக்கின் மேல் வேறொருவர் உரிமை கொண்டாடுகிறார். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் வரிசையாக விளங்கும்.

அப்பாவின் எம்பி3 ஏன் பாடுகிறது? ஒரு காலத்தில் அதுவும் பாடாது. ஃபெடோராவில் எம்பி3 கேட்கும் வசதி 2016 நவம்பரில்தான் உள்ளே வந்தது. 2017 ஏப்ரலில், எம்பி3 காப்புரிமைகளை வைத்திருந்த ஃப்ரான்ஹோஃபர் தன் உரிமத் திட்டத்தையே மூடியது, அடுத்த மாதமே எம்பி3 உருவாக்கும் வசதியும் ஃபெடோராவுக்குள் வந்துவிட்டது. பத்துப் பதினைந்து வருடம் பாட்டுக் கேட்பதற்கே வெளி ரெப்போ சேர்த்துக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது மறக்க முடியாத வருடம். காப்புரிமைக்கு ஆயுள் 20 வருடம், அது முடிந்ததும் கோடெக் (ஒலியையும் படத்தையும் சுருக்கி விரிக்கும் நிரல்) தானாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

போன் வீடியோ ஓடுவதற்குக் காரணம் வேறு. சிஸ்கோ 2013-இல் ஓபன்ஹெச்264 என்ற கோடெக்கை அறிவித்தது. உரிமக் கட்டணத்தைச் சிஸ்கோவே கட்டும், ஆனால் ஒரு நிபந்தனை, பைனரி (ஓடத் தயாரான கோப்பு) சிஸ்கோவின் சர்வரிலிருந்துதான் பயனருக்கு இறங்க வேண்டும். அதனால் ஃபெடோரா அந்தப் பேக்கேஜைத் தானே கட்டி, தானே கையொப்பமிட்டு, சிஸ்கோவிடம் கொடுத்துவிடுகிறது. உங்கள் மெஷினில் சிஸ்கோ பெயரில் ஒரு ரெப்போ இருக்கும், பாருங்கள். அதுவும் 8-பிட் ஹெச்.264 வரைக்கும்தான். ஹெச்.265-க்கு அப்படிக் கட்டணம் கட்டிக் கொடுக்க யாரும் இல்லை.

இன்ஸ்டாலின்போது நீங்கள் அழுத்திய பொத்தான் ஆர்பிஎம் ஃப்யூஷனை முழுதாகச் சேர்க்காது. என்விடியா டிரைவர், ஸ்டீம் ஆகியவற்றுக்கான சின்னத் துண்டுகள், குரோம், ஃப்ளாட்பேக்குகள் கிடைக்கும் ஃப்ளாட்ஹப், இப்படிச் சிலதான் அதில் வரும். கோடெக் அந்தத் துண்டுகளில் கிடையாது.

வெண்டைக்காய்_விவசாயி

இவ்வளவு வேண்டாம் நண்பா. ஃப்ளாட்ஹப்பிலிருந்து விஎல்சி போடுங்கள், ஐந்து நிமிட வேலை. கோடெக் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும், சிஸ்டத்தைத் தொடவே வேண்டாம், பிடிக்காவிட்டால் தூக்கிவிடலாம். ஆச்சி அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். சாஃப்ட்வேர் கடையில் ஒரே பெயரில் இரண்டு மூன்று கிடைக்கும், மேலே மூலம் எது என்று காட்டும் இடத்தில் ஃப்ளாட்ஹப் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஃபெடோராவே கட்டுகிற ஃப்ளாட்பேக்குகளும் உண்டு, அவை ஃபெடோராவின் பேக்கேஜ்களிலிருந்து செய்தவை, அங்கே இல்லாத கோடெக் இங்கேயும் இருக்காது. 2025 பிப்ரவரியில் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற திரைப்பதிவு மென்பொருளின் குழு இதை வைத்துத்தான் பெரிய சண்டை போட்டது. எங்கள் பெயரில் சரியாக வேலை செய்யாத ஒன்றைக் கொடுக்காதீர்கள், பயனர்கள் எங்களிடம் வந்து குறை சொல்கிறார்கள் என்று. சட்ட நடவடிக்கை வரைக்கும் பேச்சுப் போய், பிறகு பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

பழைய_பெங்குவின்

வெண்டைக்காய் சொல்வது ஒரு வீடியோவை இன்றே பார்ப்பதற்குச் சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோடெக் விஎல்சிக்குள் மட்டுமே இருக்கும். ஃபைல் மேனேஜரில் முன்தோற்றப் படம் வராது, வீடியோ எடிட்டருக்கு உதவாது, கூடவே வந்த ப்ளேயரில் அப்பா தவறிப்போய்த் திறந்தால் மறுபடியும் கறுப்புத் திரைதான். அப்பா தினமும் பயன்படுத்துகிற மெஷின் என்றால் சிஸ்டத்திலேயே சரி செய்வது நல்லது என்பது என் கருத்து.

மதகு

நானும் அதைத்தான் சொல்வேன். இதோ செய்முறை. கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஆர்பிஎம் ஃப்யூஷன் தளத்தில் அமைப்பு முறை என்ற பக்கத்துக்கு நேராகப் போங்கள், வேறு எந்த வலைப்பதிவிலிருந்தும் கட்டளையை நகலெடுக்காதீர்கள். அங்கே ஃப்ரீ, நான்ஃப்ரீ என்று இரண்டு ரெப்போ இருக்கும். ஃப்ரீ என்பதில் இருப்பவை சுதந்திர மென்பொருள்தான், காப்புரிமையால் மட்டும் ஃபெடோராவுக்கு வெளியே நிற்பவை. நான்ஃப்ரீயில் என்விடியா டிரைவர் போன்றவை. உங்களுக்கு இரண்டும் வேண்டும், காரணம் கீழே வரும்.

ஃபெடோராவில் இருக்கும் எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ என்பது ஹெச்.265 போன்றவற்றை வெட்டி எடுத்த பதிப்பு. அதை நீக்கி முழு எஃப்எஃப்எம்பெக்கை வைக்க வேண்டும். ஃபெடோராவின் பேக்கேஜ் நிறுவியான டிஎன்எஃப்பின் ஸ்வாப் கட்டளையில் முதலில் பழைய பெயர், பிறகு புதிய பெயர், கடைசியில் அலவ் இரேசிங் என்ற விருப்பம். எதையெல்லாம் நீக்கப் போகிறேன் என்று ஒரு பட்டியல் காட்டும், அதை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் ஒய் தட்டுங்கள். அப்புறம் அதே தளத்தின் மல்டிமீடியா பக்கத்தில் சொல்லியபடி மல்டிமீடியா குழுவை அப்டேட் செய்யுங்கள், கூடவே வந்த ப்ளேயருக்கு வேண்டிய ஜிஸ்ட்ரீமர் பிளகின்கள் அதில் வந்துவிடும்.

இத்தோடு படம் வந்துவிடும், ஆனால் திக்கித் திக்கித்தான் வரும். 4கே, 10-பிட், நொடிக்கு 50 ஃப்ரேம் என்பதை இரண்டு கோர் ப்ராசஸர் தனியாகச் சுமக்க முடியாது. உங்களுக்கு நல்ல காலம், 7-ஆம் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸில்தான் 10-பிட் ஹெச்.265-ஐ சில்லே பிரித்துக்கொடுக்கும் வசதி முழுதாக வந்தது, 6-ஆம் தலைமுறையில் 8-பிட் வரைக்கும்தான். அந்த வசதியைத் திறக்க நான்ஃப்ரீ ரெப்போவிலிருந்து இன்டெல்-மீடியா-டிரைவர் போடுங்கள். ஃபெடோராவிலும் அதே டிரைவர் வேறு பெயரில் இருக்கிறது, லிப்விஏ என்று தொடங்கும், அதுவும் வெட்டிய பதிப்புதான். மோதினால் அதையும் ஸ்வாப் செய்துவிடுங்கள்.

மேசா-ஃப்ரீவேர்ல்ட் பேக்கேஜையும் போடு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது ஏஎம்டி கிராஃபிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. 2022 செப்டம்பரில் ஃபெடோரா 37 தயாராகிக்கொண்டிருந்தபோது, மேசா என்ற கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பில் ஹெச்.264, ஹெச்.265, விசி-1 மூன்றுக்கும் வன்பொருள் உதவியை அணைத்துவிட்டார்கள், அதற்கு மாற்றாக வந்தது அது. உங்கள் இன்டெல்லுக்குத் தேவையில்லை, தேவையில்லாததைச் சேர்க்காதீர்கள்.

முடித்துவிட்டு, சில் எந்தக் கோடெக்கைப் பிரிக்கும் என்று காட்டும் விஏஇன்ஃபோ கட்டளையை ஓட்டுங்கள், லிப்விஏ-யுட்டில்ஸ் பேக்கேஜில் இருக்கிறது. ஹெச்இவிசி மெயின் 10 என்ற பெயருக்கு நேரே விஎல்டி என்று ஒரு வரி வந்தால் வேலை முடிந்தது.

உப்பளம்

வெளி ரெப்போ ஆபத்தில்லையா என்று கேட்டாரே, அதற்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. எனக்கு இந்தத் திரியில் அதுதான் முக்கியமான கேள்வி.

ஒரு ரெப்போவைச் சேர்ப்பது வீட்டுச் சாவியில் ஒரு நகலைக் கொடுப்பதற்குச் சமம். பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போது அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்தில், அதாவது மெஷினின் முழு அதிகாரத்தில் ஓடுகிறது. இன்று கோடெக் மட்டும் எடுத்தாலும், நாளை அந்த ரெப்போவில் உங்கள் சிஸ்டத்தில் உள்ள எந்தப் பேக்கேஜின் புதிய பதிப்பு வந்தாலும் அப்டேட்டில் அது உள்ளே வரலாம். அதனால் யார் நடத்துகிறார்கள், எத்தனை வருடமாக, சாவியால் கையொப்பமிடுகிறார்களா என்பதைப் பார்க்காமல் எதையும் சேர்க்கக் கூடாது.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். டெபியன்-மல்டிமீடியா என்று ஒரு வெளி ரெப்போ இருந்தது, கோடெக்குக்காக எல்லாருமே சேர்த்திருந்தோம். அது முகவரியை மாற்றிக்கொண்டது, பழைய டொமைன் காலாவதியாகி, முன்பின் தெரியாத யாரோ அதைப் பதிவு செய்துகொண்டார்கள். 2013 ஜூனில் டெபியனே அறிவிப்புப் போட்டு, அந்த வரியை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எத்தனையோ மெஷின்கள் அந்தப் பழைய வாசலையே தினமும் தட்டிக்கொண்டிருந்தன. கையொப்பச் சோதனை இருந்ததுதான் பாதுகாப்பு. அப்போது எங்கள் அலுவலகத்தில் 11 மெஷினில் அந்த வரி இருந்தது, ஒவ்வொன்றாக உட்கார்ந்து நீக்கினேன்.

ஆர்பிஎம் ஃப்யூஷனை நான் நம்புவதற்குக் காரணம் அதன் வரலாறு. முன்பு லிவ்னா, ஃப்ரெஷ்ஆர்பிஎம்ஸ், டிரிபிள் என்று தனித்தனி ரெப்போக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே பேக்கேஜ் வேறு வேறு விதமாகக் கட்டியிருக்கும், இரண்டைச் சேர்த்தால் ஒன்றை ஒன்று மிதிக்கும். அந்தத் தொல்லை தாங்காமல் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி 2008-இல் ஒன்றானார்கள், அதனால்தான் அந்தப் பெயர். உள்ளே ஃபெடோராவிலேயே பேக்கேஜ் கட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், ஃபெடோராவின் விதிமுறைகளையே பின்பற்றுகிறார்கள்.

அதனால் என் வேண்டுகோள், அந்த இன்னொருவர் சொன்ன வேறு ரெப்போவைச் சேர்க்காதீர்கள், அது நல்லதாகவே இருந்தாலும். கோடெக்குக்கு ஒரே ஒரு வெளி ரெப்போ போதும். நான் ஒருமுறை மூன்றைச் சேர்த்து வைத்திருந்து, வெர்ஷன் மாற்றும்போது எஃப்எஃப்எம்பெக்கின் மூன்று பதிப்புகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, ராத்திரி இரண்டு மணிக்கு லாகின் திரைகூட வராமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் ஒரு கணக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. இன்னொருவருக்கு அது நடக்கக் கூடாது.

பச்சைப்பல்லி

ஓபன்சூசே லினக்ஸ் பக்கத்திலிருந்து ஒரு சொல். இங்கே பேக்மேன் என்று ஒரு ரெப்போ, அதே கதைதான். இங்கே பேக்கேஜ் நிறுவியான ஜிப்பர், ஒரு பேக்கேஜின் வெண்டரை (அதைத் தருவது யார் என்பதை) அதுவாக மாற்றாது, நாம்தான் அனுமதி கொடுத்து மாற்ற வேண்டும். இது நல்ல காவல். எந்தப் பேக்கேஜ் எங்கிருந்து வந்தது என்பது கைக்குள் இருக்கும். ஆனால் மாற்றினால் கோடெக் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். பாதி பேக்மேனிலிருந்தும் பாதி அசல் ரெப்போவிலிருந்தும் வைத்துக்கொண்டு, வீடியோ ஓடவில்லை என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஃபெடோராவிலும் இதே அரைகுறை நிலைதான் பாதிக் கேள்விகளுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

தறிநாடா

மிக்க நன்றி எல்லாருக்கும். சட்டம் பற்றி யாராவது சொல்ல முடியுமா? அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தப்பு எதுவும் இல்லையே என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

பழைய_பெங்குவின்

நான் வக்கீல் இல்லை, சட்டத்தில் எழுதியிருப்பதை மட்டும் சொல்கிறேன். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970, பிரிவு 3-இல் கே என்ற உட்பிரிவு, கணினி நிரலை நிரல் என்ற அளவிலேயும் அல்காரிதத்தையும் காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்பாகக் கொள்வதில்லை. அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இது பெரிய வேறுபாடு. விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் பிரான்சில் இருந்துகொண்டு எல்லாக் கோடெக்கையும் வெளிப்படையாகக் கொடுக்க முடிவதும் இதே மாதிரியான சட்டச் சூழலால்தான். கருவியோடு சேர்த்து எழுதி இங்கேயும் காப்புரிமை வாங்கியவை உண்டு, அதனால் எல்லாமே வெள்ளை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தச் சண்டை எல்லாம் போன் செய்கிற, மென்பொருள் விநியோகிக்கிற கம்பெனிகளுக்குள் நடப்பது. வீட்டில் பேத்தி கல்யாணத்தைப் பார்க்கிறவர் கதவை யாரும் தட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்பாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஏவி1 என்ற கோடெக்கைக் கட்டணமில்லாமல் 2018-இல் வெளியிட்டார்கள், ஃபெடோராவில் அது முதல் நாளே ஓடும். ஆனால் கல்யாண வீடியோவை ஏவி1-க்கு மாற்றிவைக்கலாமா என்று யோசிக்காதீர்கள். உங்கள் ப்ராசஸரில் ராத்திரி முழுக்க ஓடும், தரமும் கொஞ்சம் போகும், உங்கள் சில்லில் ஏவி1-க்கு வன்பொருள் உதவியும் இல்லை. அசலை அப்படியே வைத்திருங்கள்.

தறிநாடா

செய்துவிட்டேன். ஸ்வாப் கொடுத்ததும் நீக்கப்போகும் பட்டியலில் எட்டுப் பத்துப் பெயர் வந்தது, பயமாக இருந்தது, ஒவ்வொன்றாகப் படித்ததில் எல்லாம் அதே எஃப்எஃப்எம்பெக் குடும்பம்தான் என்று தெரிந்தது. முதலில் மதகு அண்ணன் சொன்ன மாதிரியே படம் வந்து திக்கியது, விசிறி சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. இன்டெல் டிரைவர் போட்டு ரீபூட் செய்தபின் விஏஇன்ஃபோவில் அந்த வரி வந்தது. எம்பிவி ப்ளேயரில் ஐ விசையை அழுத்திப் பார்த்தேன், விஏ-ஏபிஐ என்று காட்டுகிறது, அதாவது சில்லே பிரிக்கிறது, ஒரு ஃப்ரேம்கூட விடுபடவில்லை.

ஆச்சி இன்று சாயங்காலம் முழுதும் பார்த்தார். தாலி கட்டும் இடத்தை நான்கு தடவை ஓட்டச் சொன்னார். யார் யார் எந்தப் புடவை கட்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்து, சின்ன மாமா ஏன் இவ்வளவு இளைத்துவிட்டார் என்று அவருக்குப் போன் போட்டே கேட்டுவிட்டார்.

உப்பளம்

படிக்கவே மனசு நிறைந்தது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபெடோராவில் ஒரு அப்டேட் வந்து, ஆர்பிஎம் ஃப்யூஷனில் அதற்கு ஈடான பேக்கேஜ் வர ஒன்றிரண்டு நாள் பிந்தும். அப்போது டிஎன்எஃப் முரண்பாடு என்று சொல்லி நிற்கும். அவசரப்பட்டு அலவ் இரேசிங் போட்டுவிடாதீர்கள், கோடெக்கைத் தூக்கிவிட்டு வெட்டிய பதிப்பைத் திரும்ப வைத்துவிடும். இரண்டு நாள் கழித்து மறுபடி அப்டேட் கொடுங்கள், தானாகச் சரியாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது வெர்ஷன் வரும்போதும் அப்படித்தான், வந்த அன்றே மாறாமல் ஒரு வாரம் விட்டு மாறுங்கள்.